கூட யார் வந்திருக்காங்க?

மருத்துவமனையில் சீட்டு போடும் இடத்தில் பார்வையற்ற ஒருவரோ, சக்கர நாற்காலியில் ஒருவரோ, காது கேளாத ஒருவரோ போய் நின்றால், கவுன்டருக்கு உள்ளே இருப்பவர் முதலில் பெயரைக் கேட்பதில்லை. "கூட யார் வந்திருக்காங்க?" என்று கேட்கிறார். கேட்பவர் கெட்டவர் கிடையாது. பெரும்பாலும் அக்கறையில்தான் கேட்கிறார். ஆனால் அதற்குப் பிறகு எல்லாப் பேச்சும் கூட வந்தவரோடுதான் நடக்கும். "இவருக்கு எத்தனை நாளா காய்ச்சல்?" "நைட்டு தூங்குறாரா?" "மோஷன் சரியா போகுதா?" நோயாளி பக்கத்திலேயே முழு நினைவோடு உட்கார்ந்திருப்பார். அவருடைய உடம்பைப் பற்றி அவரிடம் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டார்கள்.

டிஜிட்டல் மருத்துவச் சேவைகள் வந்தபோது ஒழிந்திருக்க வேண்டிய முதல் கேள்வி இதுதான். 2020 ஏப்ரலில் இ-சஞ்சீவனி வழியாக வீட்டிலிருந்தே மருத்துவரைப் பார்க்கும் வசதி வந்தது. 2021 செப்டம்பர் 27 அன்று ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷனை நாடு முழுக்க அறிவித்தார்கள். ஆபா என்ற 14 இலக்க எண்ணில் நம் மருத்துவ வரலாறு முழுவதும் வந்து சேரும் என்றார்கள். அடுத்த வருடமே, மருத்துவமனைச் சுவரில் ஒட்டிய கியூஆர் கோடை ஸ்கேன் செய்தால் வரிசையில் நிற்காமல் டோக்கன் கிடைக்கும் ஏற்பாடு வந்தது. ரத்தப் பரிசோதனை முடிவு வாட்ஸப்பில் வருகிறது. இதனாலெல்லாம் முதலில் பயனடைந்திருக்க வேண்டியவர் யார்? வீட்டுப்படி இறங்குவதே பெரும்பாடாக இருப்பவர்தானே. நடந்தது வேறு. கவுன்டரில் இருந்தவர் வாய்விட்டுக் கேட்டதை இப்போது போன் திரை வாய் திறக்காமல் கேட்கிறது. கூட யாராவது இருந்தால்தான் பதிவு செய்ய முடியும், ரிப்போர்ட்டைப் படிக்க முடியும், ஓடிபி போட முடியும்.

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்று. மாற்றுத்திறனாளிகள் பயன்படுத்த முடியாத மருத்துவச் செயலியை எழுதுகிறவர்கள், "வீட்ல யாராவது பார்த்துப்பாங்க" என்ற அனுமானத்தின் மேல்தான் அதை எழுதுகிறார்கள். அந்த அனுமானம் ஒரு மனிதரிடமிருந்து அவருடைய நோயைப் பிடுங்கி வீட்டாரிடமும் பக்கத்து வீட்டாரிடமும் கொடுத்துவிடுகிறது. இதைத் தொழில்நுட்பக் குறைபாடு என்று சொல்லிக் கடந்துபோவதை, அதே தொழிலில் இருக்கிறவனாக என்னால் ஏற்க முடியவில்லை.

*

எங்கள் ஊர் விருத்தாசலம். வெளியூர்க்காரர்களுக்கு ரயில் ஜங்ஷனாகவும், விஷயம் தெரிந்தவர்களுக்குப் பழமலைநாதர் கோயிலாகவும், தொழில் தெரிந்தவர்களுக்குப் பீங்கானாகவும் அறிமுகம். செராமிக் தொழிற்பேட்டை, செராமிக் படிப்புக்கென்றே ஒரு அரசு தொழில்நுட்ப நிறுவனம், பக்கத்து நெய்வேலியில் கிடைக்கும் வெள்ளைக் களிமண் எல்லாம் சேர்ந்து உண்டாக்கிய ஊர். கொலு பொம்மை, டீ கப், ஃபியூஸ் கேரியர், இன்சுலேட்டர் என்று இங்கிருந்து போகும். மாவட்டத் தலைநகரமான கடலூருக்குச் சுமார் 60 கிலோமீட்டர். பெரிய ஆஸ்பத்திரி வேண்டுமென்றால் அந்தப் பக்கமோ புதுச்சேரிக்கோ பஸ் ஏற வேண்டும். கால் ஊன்ற முடியாதவருக்கு அந்தப் பயணம் எவ்வளவு பெரிய செலவு என்று யோசித்தால், டிஜிட்டல் மருத்துவம் சென்னைக்காரர்களைவிட எங்களுக்குத்தான் எத்தனை மடங்கு தேவை என்பது புரியும்.

ஃபியூஸ் கேரியர் செய்யும் பட்டறை ஒன்றில் எனக்குத் தெரிந்த அண்ணன் ஒருவர் வேலை பார்க்கிறார். பெயர் வேண்டாம். முப்பது வயதுக்கு மேல் கொஞ்சம் கொஞ்சமாகப் பார்வை போனவர். சூளையிலிருந்து இறக்கிய சரக்கை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டிப் பார்த்துப் பிரிப்பது அவர் வேலை. நல்ல பீங்கான் தட்டினால் கணீரென்று பேசும். உள்ளே மயிரிழை விரிசல் இருந்தால் சத்தம் அடைத்துக்கொள்ளும். கண் பார்க்கத் தவறும் விரிசலை அவர் காது பிடித்துவிடும். போனில் டாக்பேக் போட்டிருக்கிறார். அதாவது திரையில் இருப்பதைக் குரலாகப் படித்துச் சொல்லும் வசதி. ஆண்ட்ராய்டு போன்களில் பெரும்பாலும் கூடவே வருகிறது, தமிழும் பேசும். வாட்ஸப், யூடியூப், பணம் அனுப்புவது எல்லாம் அவரே பார்த்துக்கொள்வார். "தம்பி, ஜிபே பண்ணிட்டேன் பாரு" என்று சொல்லிவிட்டு நம் முகத்துக்கு நேராகச் சிரிப்பார்.

அவருக்குச் சர்க்கரை இருக்கிறது. மாதாமாதம் ஒரு பரிசோதனைக்கூடத்தில் ரத்தம் கொடுக்கிறார். முடிவு வாட்ஸப்பில் பிடிஎஃப்பாக வருகிறது. திறந்தால் போன் ஒன்றும் பேசாது. ஏனென்றால் அது அச்சடித்த தாளை ஸ்கேன் செய்த படம். படத்துக்குள் இருக்கும் எண் கண்ணுக்குத் தெரியும், திரைவாசிப்பானுக்கு எழுத்தாகத் தெரியாது. ஆகவே டீக்கடையில் யாரிடமாவது கொடுத்துப் படிக்கச் சொல்வார். "அண்ணே, முந்நூத்திப் பத்து! இன்னிக்கு உங்களுக்குச் சக்கரை இல்லாம டீ" என்று படித்தவர் கத்துவார். கடை சிரிக்கும். அவரும் சிரிப்பார். பிறகு ஒருநாள் என்னிடம் சொன்னார்: "என் சுகர் எவ்வளவுன்னு இந்தத் தெருவுக்கே என்னைவிட முன்னாடி தெரியுது தம்பி." பரிசோதனைக்கூடத்தின் கணினியில் அந்த 310 எழுத்தாகத்தான் இருந்தது. அதை அச்சடித்து, கையெழுத்து போட்டு, மறுபடி ஸ்கேன் செய்து ஊமையாக்கி அனுப்புகிறார்கள். கூடுதல் வேலை செய்துதான் அவரை வெளியே நிறுத்துகிறார்கள்.

சர்க்கரை என்பதால் கடை சிரித்தது. அதுவே காசநோயாக இருந்தால்? எச்ஐவி பரிசோதனையாக இருந்தால்? தூக்கமில்லாமல் மனநல மருத்துவரிடம் போன விவரமாக இருந்தால்? ஒரு பெண் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆதாரோடு அண்ணனின் செல் நம்பர் இணைக்கப்பட்டிருக்கிறது. அவள் மருத்துவரிடம் நேரம் வாங்கும் ஒவ்வொரு முறையும் ஓடிபி அண்ணன் போனுக்குப் போகும். மாதவிடாய் தள்ளிப்போனதைக் கேட்க வேண்டியிருக்கும். வீட்டில் ஒருவர் அடிப்பதைச் சொல்ல வேண்டியிருக்கும். யாரைப் பற்றிச் சொல்ல வேண்டுமோ அவரே செயலியை இயக்கித் தரும் 'உதவியாளராக' இருந்தால் அவள் என்ன சொல்வாள்? "ஒண்ணுமில்ல டாக்டர், தலைவலிதான்" என்பாள்.

இது உணர்ச்சிவசப்பட்ட கற்பனை என்று நினைப்பவர்கள் ஐ.நா.வின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையைப் புரட்டலாம். இந்தியா 2007-லேயே ஏற்புறுதி செய்தது. அதன் 22-ஆம் பிரிவு, மாற்றுத்திறனாளிகளின் உடல்நலத் தகவல்களின் அந்தரங்கத்தை மற்றவர்களுக்குச் சமமாகக் காக்கச் சொல்கிறது. 2017-இல் புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தரங்கத்தை எல்லாருக்குமான அடிப்படை உரிமை என்றது. ஆனால் 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 9-ஆம் பிரிவைப் பாருங்கள். சட்டப்பூர்வக் காப்பாளர் இருக்கும் மாற்றுத்திறனாளியையும் குழந்தையையும் ஒரே வாக்கியத்தில் சேர்த்து, காப்பாளரிடம் சம்மதம் வாங்கு என்கிறது. நாற்பது வயது மனிதரையும் நாலு வயதுப் பிள்ளையையும் ஒரே பெஞ்சில் உட்காரவைத்து, "கூட யார் வந்திருக்காங்க?" என்று கேட்கும் சட்டம் அது.

*

இனி இது எப்படி உண்டாகிறது என்று பார்ப்போம். செயலி என்றாலே பார்வையற்றவர்களுக்குக் கஷ்டம்தானே, அது இயற்கைதானே என்று நல்ல வாசகர்கள்கூட நினைக்கிறார்கள். தலைகீழ். கணினித் திரையில் இருக்கும் எழுத்து, அச்சில் இருக்கும் எழுத்தைவிடப் பல மடங்கு எளிதாகக் குரலாகக்கூடியது. எச்டிஎம்எல்லில் பட்டன் என்றே ஓர் உறுப்பு இருக்கிறது. அதைப் போட்டு, மேலே 'பதிவு செய்' என்று எழுதினால் போதும். திரைவாசிப்பான் "பதிவு செய், பட்டன்" என்று படிக்கும். மவுஸ் பிடிக்க முடியாதவர் கீபோர்டிலேயே அதை அழுத்தலாம். இதற்கு எழுதுகிறவர் தனியாக ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. ஆனால் அழகுக்காகவும் அவசரத்துக்காகவும் ஒரு வெற்றுப் பெட்டியை வரைந்து, அதன்மேல் ஒரு படத்தை ஒட்டி, தொட்டால் வேலை செய்வதுபோல் எழுதிவிடுகிறார்கள். அல்லது பட்டனை வைத்துவிட்டுப் பெயர் வைக்காமல் விடுகிறார்கள். டாக்பேக் அங்கே வந்து "அன்லேபிள்டு, பட்டன்" என்று சொல்லும். பக்கத்தில் இன்னொன்று, அதுவும் "அன்லேபிள்டு, பட்டன்". ஒன்று மருத்துவரை அழைக்கும், இன்னொன்று முன்பதிவை ரத்து செய்யும். எது எது என்று தொட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

'ஊனமுற்றோர்' என்ற சொல்லை 'மாற்றுத்திறனாளி' என்று மாற்றிய மாநிலம் நம்முடையது. அந்தப் பெயர் மாற்றத்தில் எனக்குப் பெருமை உண்டு. ஆனால் மனிதர்களுக்கு இவ்வளவு யோசித்துப் பெயர் வைத்தவர்கள் பட்டனுக்கு ஒரு பெயர் வைக்கலாம்.

வெப்எய்ம் என்ற அமெரிக்க அமைப்பு ஆண்டுதோறும் பத்து லட்சம் இணையதளங்களின் முகப்புப் பக்கங்களைச் சோதிக்கிறது. 2025-இல் 94.8 விழுக்காடு பக்கங்களில், இயந்திரமே கண்டுபிடித்துவிடக்கூடிய அணுகல் பிழைகள் இருந்தன. மங்கலான எழுத்து, விளக்கம் இல்லாத படம், பெயரில்லாத கட்டம், வெற்று இணைப்பு, வெற்றுப் பட்டன், பக்கம் எந்த மொழி என்று குறிப்பிடாதது. பெரும்பான்மைப் பிழைகள் இந்த ஆறு வகைக்குள் அடங்கிவிடுகின்றன, அதுவும் வருடக்கணக்காக. இவற்றில் எதற்கும் ஆராய்ச்சி தேவையில்லை. முதல் வேலைக்குச் சேர்ந்த பையனால் ஒரு மத்தியானத்தில் சரிசெய்ய முடிந்தவை நிறைய.

தமிழில் இன்னொரு கொடுமை கூடுதலாக உண்டு. யூனிகோடு வந்து இத்தனை காலம் ஆன பிறகும் பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த அறிவிப்புகளும் படிவங்களும் பிடிஎஃப்பாக வந்துகொண்டே இருக்கின்றன. கண்ணுக்கு அது 'முகாம் நடைபெறும் இடம்' என்று அழகான தமிழ். கணினிக்கு உள்ளே அது ஆங்கில எழுத்தும் குறியுமாகச் சிதறிக் கிடக்கும். திரைவாசிப்பான் அதை உள்ளதை உள்ளபடியே படிக்கும். கேட்டால் பேய் பிடித்த டெலிபோன் மாதிரி இருக்கும்.

பிறகு கேப்ட்சா. நெளிந்த எழுத்தைப் பார்த்து மனிதன் என்று நிரூபிக்க வேண்டும்; பார்க்க முடியாதவர் அந்தக் கணக்கில் மனிதர் இல்லை. பிறகு நேரக்கெடு. பெருமூளை வாதத்தால் விரல் நடுங்கும் ஒருவர் ஆறு இலக்கத்தை அடிப்பதற்குள் ஓடிபி காலாவதியாகிவிடும், பக்கம் முதலிலிருந்து தொடங்கும். சுவரில் ஒட்டிய கியூஆர் கோடைப் பார்வையற்றவர் எந்தச் சுவரில், எந்த உயரத்தில் தேடுவார்? காது கேளாதவருக்கு 104 என்ற எண்ணும், மனநலத்துக்கான 14416 என்ற எண்ணும் என்ன பயன் தரும்? 'அழைத்துப் பேசுங்கள்' என்று விளம்பரம் செய்கிறோம். பேசுவதுதான் பிரச்சினை என்பவர் எதை அழைப்பார்? இதையெல்லாம் தாண்டி ஒருவர் தான் மாற்றுத்திறனாளி என்பதற்கான சான்றிதழ் வாங்கலாம் என்று போனால், 2021 ஜூன் 1 முதல் அதற்கும் இணையதளம் வழியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, வரிசையில் நிற்பவர்கள் காதுபட, தன் ஊனத்தின் விவரத்தை ஒரு அந்நியரிடம் சொல்லித் தட்டச்சு செய்யவைக்க வேண்டும்.

*

இதன் விலை என்ன என்பதை 2021 மே மாதம் காட்டியது. 18 முதல் 44 வயதுக்காரர்களுக்குத் தடுப்பூசி திறந்துவிடப்பட்டபோது முதல் சில வாரங்கள் கோவின் தளத்தில் பதிவு செய்தால்தான் ஊசி. நேரில் போய்ப் பதிய முடியாது. இரண்டாம் அலை உச்சத்தில் இருந்தது. நாங்கள் எல்லாரும் விரல் நுனியில் நின்று, இடம் காலியாகும் நொடிக்காகத் திரையைப் புதுப்பித்துக்கொண்டிருந்த நாட்கள். தானாக எடுத்துக்கொண்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் மே 31 தேதியிட்ட உத்தரவில் அந்தத் தளத்தின் குறைகளை வரிசையாக எழுதியது. கேப்ட்சாவுக்கு ஒலி வடிவம் இல்லை. வயது, தடுப்பூசியின் பெயர், இலவசமா கட்டணமா என்று தேர்ந்தெடுக்கும் ஏழு வடிகட்டிகளும் பார்வையற்றவர்கள் பயன்படுத்தும்படி இல்லை. கீபோர்டில் இயக்க முடியவில்லை. தானாக வெளியேற்றப்படாமல் பதிவை முடிக்கப் போதிய நேரம் தரப்படவில்லை. வண்ண வேறுபாட்டு விதிகள் பின்பற்றப்படவில்லை.

ஒரு நாட்டின் உச்ச நீதிமன்றம், பெருந்தொற்றின் நடுவில், எங்கள் தொழிலில் 'பக் ரிப்போர்ட்' என்று சொல்லும் பிழைப் பட்டியலைத் தீர்ப்புத்தாளில் எழுத வேண்டி வந்தது. அந்தத் தளம் வெளியாகும் முன் ஒரே ஒரு பார்வையற்ற சோதனையாளர் அரை நாள் உட்கார்ந்திருந்தால் இதே பட்டியல் கிடைத்திருக்கும்.

*

எதிர்வாதங்கள் எனக்கு நன்றாகத் தெரியும். வேலை செய்யும் இடத்தில் கூட்டத்துக்குக் கூட்டம் கேட்பவைதான்.

"எத்தனை பேர் இருக்காங்க?" என்பது முதலாவது. 2011 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 2.68 கோடி. தமிழ்நாட்டில் மட்டும் சுமார் 11.8 லட்சம். அதுவும் 2016 சட்டம் 21 வகை ஊனங்களை ஏற்பதற்கு முன்பு, குறைவான வகைகளை வைத்து எடுத்த எண்ணிக்கை. உலக சுகாதார அமைப்பு உலக மக்களில் ஆறில் ஒருவர் என்கிறது. எண்ணிக்கையை விடுங்கள். 'எங்க ஆப்ல பார்வையற்றவங்க யாருமே இல்ல, டேட்டா பாருங்க' என்று வரைபடத்தைக் காட்டுகிறவரைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது. மூன்றடி உயரத்துக்கு வாசப்படி கட்டிவிட்டு, நம்ம கடைக்கு வீல்சேர்ல யாரும் வர்றதில்லையே என்று கல்லாவில் உட்கார்ந்து ஆச்சரியப்படுவது போன்றது அது. மருத்துவச் செயலியில் இந்த வாதம் இன்னும் அபத்தம். நோயாளிகளுக்காகச் செய்த பொருளில் உடம்பு முடியாதவர்களைச் சிறுபான்மை என்கிறோம். சர்க்கரை கண்ணைத் தின்னும், பக்கவாதம் கையை எடுக்கும், வயது காதை எடுக்கும். இந்தச் செயலிகளின் உண்மையான வாடிக்கையாளர்கள் இவர்கள்தான்.

"முதல்ல லான்ச் பண்ணிடுவோம், அக்சஸிபிலிட்டி ரெண்டாம் கட்டத்துல பார்க்கலாம்" என்பது இரண்டாவது. இதற்கு எங்கள் ஊர்ப் பட்டறையில் பதில் இருக்கிறது. டீ கப்புக்குக் கைப்பிடி எப்போது ஒட்டுவார்கள் தெரியுமா? அச்சிலிருந்து எடுத்த கப் பாதி காய்ந்து, இன்னும் பச்சையாக இருக்கும்போது, அதே மண்ணைக் குழைத்த கூழைத் தொட்டு ஒட்டுவார்கள். கப்பும் பிடியும் ஒன்றாகச் சூளைக்குப் போய் ஒரே பொருளாக வெளியே வரும். கப்பைச் சுட்டு இறக்கிய பிறகு 'ரெண்டாம் கட்டத்துல' பிடி ஒட்ட முடியாது. பசை போட்டு ஒட்டலாம். சூடான டீயோடு கையில் வரும்போது கழன்று விழும். முடிந்துபோன செயலியின் மேல் அணுகல் வசதி என்று ஒரு மிதக்கும் பொம்மையை ஒட்டித் தருகிற நிறுவனங்கள் செய்வது அந்தப் பசை வேலைதான். ரெண்டாம் கட்டம் என்பதற்குப் பணம் ஒதுக்கிய திட்டத்தை நான் இந்தத் தொழிலில் அரிதாகவே பார்த்திருக்கிறேன். செலவு அதிகம் என்பவர்கள், சுட்ட பிறகு பிடி ஒட்டும் செலவைச் சொல்கிறார்கள்.

மூன்றாவது வாதம்தான் எல்லாவற்றிலும் மென்மையானது, ஆகவே மோசமானது. "நம்ம ஊர்ல குடும்பம் இருக்கு சார். வெளிநாடு மாதிரி கிடையாது. யாராவது உதவி பண்ணுவாங்க." குடும்பம் இருக்கிறது, உண்மை. என் குடும்பமும் எனக்கு இருக்கிறது. அதற்காக என் ரத்தப் பரிசோதனை முடிவை என் மாமாவுக்கு அனுப்புவீர்களா? உதவி என்பது நான் கேட்கும்போது கிடைப்பது. கேட்காமலேயே கட்டாயமாக்கப்பட்ட உதவிக்கு வேறு பெயர் இருக்கிறது. உதவுகிறவர்களையும் யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. அநேகமாக அது அம்மா, மனைவி அல்லது மகள். அவள் வேலைக்குப் போகாமல் உட்கார்ந்து ஓடிபிக்குக் காத்திருக்கும் மணிநேரங்கள்தான், நிறுவனம் மிச்சம் பிடித்ததாகச் சொல்லும் செலவு.

*

சட்டம் இல்லையா என்றால், நிறைய இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016. அதன் 42-ஆம் பிரிவு மின்னணுத் தகவல்களை அணுகத்தக்கதாக்கச் சொல்கிறது. 46-ஆம் பிரிவு, அரசோ தனியாரோ, சேவை தருகிற எல்லாரும் விதிகள் அறிவிக்கப்பட்டு இரண்டு வருடத்துக்குள் இணங்க வேண்டும் என்கிறது. விதிகள் 2017-இல் வந்தன. கெடு 2019-இல் முடிந்தது. மருத்துவரிடம் நேரம் வாங்கித் தரும் பிராக்டோ செயலி தொடர்பாக, பார்வையற்ற வழக்கறிஞர் ராகுல் பஜாஜ் முறையிட்டதன் பேரில், 2022-இல் மாற்றுத்திறனாளிகளுக்கான தலைமை ஆணையர் அதை அணுகத்தக்கதாக மாற்றச் சொன்னார். தனியார் என்பதால் தப்ப முடியாது என்பது அதில் உறுதியானது. 2024 நவம்பர் 8 அன்று ராஜீவ் ரதுரி வழக்கில், அணுகல் விதிகள் வெறும் பரிந்துரைகளாக இருப்பது சட்டத்துக்கே விரோதம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. மூன்று மாதத்தில் கட்டாய விதிகள் வகுக்கச் சொன்னது. 2025 ஏப்ரல் 30 அன்று, கண் சிமிட்டினால்தான் வங்கிக் கணக்கு என்ற நடைமுறையால் மறுக்கப்பட்ட அமிலவீச்சில் தப்பிய பிரக்யா பிரசூனும், பார்வையற்ற வழக்கறிஞர் அமர் ஜெயினும் தொடுத்த வழக்குகளில், டிஜிட்டல் அணுகல் என்பது 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று தீர்ப்பானது. அதை எழுதியவர் சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து போன நீதிபதி ஆர்.மகாதேவன்.

இந்தப் பட்டியலில் ஒன்றைக் கவனியுங்கள். ஒவ்வொரு முறையும் வழக்குப் போட்டவர் மாற்றுத்திறனாளி. பூட்டை யார் போட்டாரோ அவர் வீட்டில் இருக்கிறார். வெளியே நிற்கிறவர்தான் ஒவ்வொரு பூட்டுக்கும் தனித்தனியாக நீதிமன்றம் ஏற வேண்டியிருக்கிறது. அப்படியே ஏறி வென்றாலும், சட்டத்தின் 89-ஆம் பிரிவின்படி முதல் மீறலுக்கு அபராதம் அதிகபட்சம் 10,000 ரூபாய். அதற்கு மேல் விலையுள்ள நாற்காலியில் உட்கார்ந்துதான் அந்தச் செயலியை எழுதியிருப்பார்கள்.

ஆகவே இன்னொரு தீர்ப்பால் இது தீரும் என்று நான் நம்பவில்லை. டெண்டரில்தான் தீரும். அரசு ஒரு மருத்துவச் செயலியை வாங்கும்போது என்ன எழுதி வாங்குகிறதோ அதுதான் கட்டப்படும். பட்டறையில் விரிசல் விட்ட ஃபியூஸ் கேரியருக்கு யாரும் காசு கொடுப்பதில்லை. தட்டிப் பார்த்துத்தான் சரக்கு எடுக்கிறார்கள். செயலிக்கும் அதே நியாயம் இருக்கட்டும். பார்வையற்றவர், காது கேளாதவர், கை நடுங்குபவர், அறிவுசார் குறைபாடு உள்ளவர் என்று சம்பளம் வாங்கும் சோதனையாளர்கள், தமிழ் டாக்பேக்கோடு, விலை குறைந்த போனில், திரையை அணைத்துவிட்டு, மருத்துவரிடம் நேரம் வாங்கி, ரிப்போர்ட்டைப் படித்து, முன்பதிவை ரத்து செய்து காட்ட வேண்டும். யாருடைய துணையும் இல்லாமல். முடிந்தால் கடைசித் தவணை. முடியாவிட்டால் பணம் கிடையாது. பரிசோதனை முடிவு எழுத்தாகவே வர வேண்டும். எதுவாக இருந்தாலும் யூனிகோடில் இருக்க வேண்டும். குரல் உதவி எண் எதுவானாலும் அதற்கு எழுத்திலும் சைகை மொழியிலும் ஒரு வழி இருக்க வேண்டும். ஓடிபி, நோயாளி சொல்லும் எண்ணுக்குத்தான் போக வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மனிதர் உட்கார்ந்திருக்கும் ஜன்னலை மூடாதீர்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மருந்து வீட்டுக்கே வருகிறது, இயன்முறை சிகிச்சையும் வீட்டுக்கே வருகிறது. வீடு தேடிப் போகத் தெரிந்த அரசு இது. அந்த ஊழியர் தட்டும் கதவை எல்லாராலும் திறக்க முடிகிறது. அரசின் இணையதளம் தட்டும் கதவைத்தான் பலரால் திறக்க முடியவில்லை. செயலியைச் செய்யுங்கள், நன்றாகச் செய்யுங்கள், ஆனால் செயலி இல்லாதவருக்கு மருத்துவம் இல்லை என்ற நிலையை ஒருநாளும் உண்டாக்காதீர்கள். கோவின் தந்த பாடம் அதுதான்.

எங்கள் ஊருக்கு ஒரு பழங்கதை உண்டு. சுந்தரர் இங்கே பெற்ற பன்னீராயிரம் பொன்னை மணிமுத்தாற்றில் போட்டுவிட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்துக்கொண்டார். ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடுவது என்ற பேச்சு எங்கள் ஆற்றிலிருந்து வந்தது என்பார்கள். தொலைவைக் கடந்த பரிவர்த்தனை என்று நான் நண்பர்களிடம் கேலி பேசுவதுண்டு. கதையின் இன்னொரு பகுதியைத்தான் நாம் அவ்வளவாக நினைப்பதில்லை. அதே சுந்தரர் பிறகு பார்வை இழந்தார். திருவெண்பாக்கத்தில் கேட்டபோது இறைவன் ஊன்றுகோல் கொடுத்தான். அவர் நன்றி சொல்லிவிட்டு ஓய்ந்துவிடவில்லை. காஞ்சியில் ஒரு கண், திருவாரூரில் இன்னொரு கண் என்று வாங்கும்வரை தோழன் என்ற உரிமையில் சண்டை போட்டார். கோல் கொடுத்தது போதாதா என்று அவரிடம் யாரும் கேட்டதாகக் கதையில் இல்லை. நம் அரசும் நம் நிறுவனங்களும் இன்னும் கோல் கொடுத்துக் கைதட்டல் வாங்கும் இடத்திலேயே நிற்கின்றன.

இதைப் படிப்பவர்களில் பாதிப்பேர் என்னைப்போலக் குறிமுறை எழுதிச் சம்பாதிப்பவர்களாக இருப்பீர்கள். உங்கள் போனில் டாக்பேக்கைப் போடுங்கள். திரையை இருட்டாக்குங்கள். நீங்கள் வேலை செய்யும் செயலியில், அது மருத்துவமோ வேறு எதுவோ, ஒரே ஒரு காரியத்தை முதலிலிருந்து கடைசிவரை முடித்துப் பாருங்கள். எந்த இடத்தில் "அன்லேபிள்டு, பட்டன்" என்று கேட்கிறதோ அதைக் குறித்துவைத்துத் திங்கட்கிழமைக் கூட்டத்தில் முதல் ஆளாக எடுத்துப் பேசுங்கள். 'ரெண்டாம் கட்டம்' என்று யாராவது ஆரம்பித்தால், அதற்கு எந்தத் தேதி, எவ்வளவு பணம், யார் பொறுப்பு என்று கேளுங்கள். பதில் வரும்வரை கேளுங்கள்.